ஆறு பேர், எட்டு லட்சம், மூன்று வண்டிகள்

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கிறோம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர், மாமனார், மாமியார், பதினொன்று, நான்கு வயதில் இரண்டு பிள்ளைகள் என்று வீட்டில் ஆறு பேர். இருக்கும் ஆல்டோவில் எல்லோரும் சேர்ந்து போக முடியவில்லை. தினமும் 9 கி.மீ. தள்ளியிருக்கும் பள்ளிக்கு நான்தான் ஓட்டிப் போகிறேன். மாதம் ஒருமுறை போடிக்குப் போவோம், வருடத்தில் இரண்டு தடவை கொடைக்கானல். மாமனாருக்கு முழங்கால் வலி. கையில் இருப்பது, கடன் எல்லாம் சேர்த்து எட்டு லட்சம்தான்.

மூன்று வண்டி பார்த்திருக்கிறோம். 2016 மஹிந்திரா எக்ஸ்யூவி 500, டெல்லி பதிவு, 'என்ஓசி ரெடி' (தடையில்லாச் சான்று தயார்) என்கிறார்கள், 6.25 லட்சம். 2014 இன்னோவா டீசல், மீட்டர் 1,42,000 கி.மீ. காட்டுகிறது, 7.75 லட்சம். 2019 மாருதி எர்டிகா விஎக்ஸ்ஐ பெட்ரோல், டிஎன் 69 பதிவு, செகண்ட் ஓனர், 68,000 கி.மீ., இங்கே பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நிற்கிறது, 7.90 லட்சம். கணவருக்கு எக்ஸ்யூவி மேல் ஆசை. கொழுந்தனார் இன்னோவாதான் என்கிறார். எதை வாங்கலாம்? வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: வணக்கம் டீச்சர்,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். மூன்றில் உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது எர்டிகா பெட்ரோல்தான். ஆனால் கன்சல்டிங்கில் நிற்கும் அந்த எர்டிகாவையே வாங்கலாமா என்பது வேறு கேள்வி. டிஎன் 69 தூத்துக்குடி பதிவு. அது ஏன் முக்கியம் என்று கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து முடிக்கும் வரை டோக்கன் அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்குப் போய்வர ஒரு நாளைக்கு 18 கி.மீ., மாதம் ஒரு போடி, இரண்டு கொடைக்கானல், சில்லறை ஓட்டம் எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு 8,000 கி.மீ. பக்கம்தான் வரும். இதற்கு டீசல் வண்டி தேவையே இல்லை. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எர்டிகா லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தால் வருடச் செலவு 58,000 ரூபாய்க்குள் அடங்கும். பழைய இன்னோவா 11.5 கி.மீ. கொடுத்தால் 64,000 ரூபாயைத் தாண்டும். டீசல் போட்டால் மிச்சம் என்ற பேச்சு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. இதற்கு மேல் பழைய டீசலில் டர்போ, இன்ஜெக்டர் என்று ஏதாவது ஒன்று போனால், ஒரே பில்லில் அரை வருடத்து எரிபொருள் காசு போய்விடும்.

கணவருக்கு எக்ஸ்யூவி பிடித்ததில் தப்பில்லை. 2.2 லிட்டர் எஞ்சின், 140 குதிரைத்திறன், நான்குவழிச் சாலையில் அலுங்காமல் போகும். ஆனால் அது ஏறி இறங்க உயரமான வண்டி. முழங்கால் வலிக்காரர் தினமும் ஏற வேண்டிய வண்டி அதுவல்ல. கடைசி வரிசையில் பெரியவர்கள் போடி வரை உட்கார்ந்து போவது சிரமம், அந்த வரிசையை விரித்துவிட்டால் டிக்கியில் பை வைக்கவும் இடம் இருக்காது.

அடுத்து டெல்லி விஷயம். டெல்லியிலும் சுற்றுப்பகுதியிலும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதன் பிறகு இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தாலும், அந்தப் பயத்திலேயே அங்கே டீசல் வண்டிகளின் விலை இறங்கிவிட்டது. இறங்கிய விலைக்கு வாங்கித் தெற்கே கொண்டு வருகிறார்கள். வண்டி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் உங்களிடம் சொன்ன 6.25 லட்சம் முழு விலை கிடையாது. தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, இங்கே மறுபதிவு செய்து, புது நம்பர் வாங்க வேண்டும். எவ்வளவு ஆகும் என்று உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டு விலையைக் கூட்டிப் பாருங்கள், மலிவு என்பது பாதி காணாமல் போயிருக்கும். மறுபதிவு முடியும் வரை அந்த என்ஓசி உண்மையானதுதானா என்ற கவலையும் உங்கள் தலையில்தான்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. 2015 டிசம்பர் நடுவில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் 2,000 சி.சி.க்கு மேற்பட்ட டீசல் கார்களின் பதிவை நிறுத்தி வைத்தது. 2016 ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த இடைவெளிக்காகவே மஹிந்திரா 1.99 லிட்டர் எஞ்சினுடன் எக்ஸ்யூவியை அங்கே விற்றது. நீங்கள் பார்த்தது 2016 டெல்லி வண்டி. ஆர்சியில் சி.சி. எவ்வளவு என்று பாருங்கள். 1,990-க்குப் பக்கத்தில் இருந்தால் அது நம் ஊரில் ஓடும் மற்ற எக்ஸ்யூவிகளின் எஞ்சின் இல்லை. பார்ட்ஸ் வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நம்பரைச் சொல்லிப் பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கும், திரும்ப விற்கும்போதும் வாங்குபவர் யோசிப்பார். எப்படிப் பார்த்தாலும் இந்த வண்டியை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

கொழுந்தனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கால இன்னோவாவைப்போல உழைக்கும் வண்டி குறைவு. சேசிஸ் மேல் கட்டிய உடம்பு, ஏறி இறங்க வசதி, பெரியவர்கள் காலை நீட்டி உட்காரலாம். எனக்கு வண்டியின் பெயரில் சந்தேகமில்லை, மீட்டரில்தான் சந்தேகம். உழைக்கும் என்பதாலேயே டிராவல்ஸ்காரர்கள் நான்கைந்து லட்சம் கி.மீ. ஓட்டிவிட்டு, டி போர்டை (வாடகைப் பதிவு) ஓன் போர்டாக (சொந்தப் பயன்பாட்டுப் பதிவு) மாற்றி, மீட்டரைக் குறைத்து விற்பது இந்த வண்டியில் சகஜம். பதினோரு வருட இன்னோவாவுக்கு 1,42,000 என்பது நம்பக்கூடிய எண்தான், அதனால்தான் அந்த எண்ணை வைக்கிறார்கள். ஆர்டிஓ பதிவில் வண்டி முன்பு வாடகை வகையில் இருந்ததா என்று பாருங்கள். கூரையில் கேரியர் மாட்டிய தழும்பு, நடு சீட்டின் தண்டவாளத் தேய்மானம், பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று ஆகியிருப்பது, இவையெல்லாம் மீட்டரைவிட உண்மை பேசும். 2014 டீசல் இன்னோவாவில் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் வேறு உண்டு. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். 7.75 லட்சம் கொடுத்துவிட்டு இதையெல்லாம் தாங்க உங்கள் கையில் மிச்சம் 25,000 ரூபாய்தான் இருக்கும். அது போதாது.

சரி, எர்டிகாவுக்கு வருவோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி வெள்ளமும் சேர்ந்து எத்தனையோ தெருக்களில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அதே மாதம் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் இதே கதை. காப்பீட்டு நிறுவனம் முழு நஷ்டம் என்று முடிவு கட்டிய வண்டிகள் ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து துடைத்துக் காயவைத்து சந்தைக்குத் திரும்பி வருபவையும் உண்டு. தூத்துக்குடி வண்டி எல்லாமே வெள்ளத்தில் நின்றது என்று சொல்ல மாட்டேன், மேட்டுத் தெருவில் நின்றிருந்தால் அதன் மேல் பழி போடுவது பாவம். பார்த்துத் தெளிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

பார்ப்பது கஷ்டமில்லை. முன் சீட் பெல்ட்டை மெதுவாக, முழுவதும் வெளியே இழுங்கள். வழக்கமாக இழுக்கும் அளவோடு நிறுத்தாமல், இனி வராது என்னும் வரை இழுக்க வேண்டும். கடைசி ஒரு முழத்தில் மண் நிறக் கோடோ, துணி மொடமொடப்போ இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்பலாம். சீட் கவரைப் புதிதாக மாற்றுவார்கள், கார்ப்பெட்டை ஷாம்பு போடுவார்கள், சுருளுக்குள் போய்விட்ட பெல்ட்டை யாரும் பெரும்பாலும் கழுவுவதில்லை. அடுத்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, படியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கி, கார்ப்பெட் ஓரத்துக்கு அடியில் கையை விடுங்கள். அடியில் பஞ்சு மாதிரி ஒரு மெத்தை இருக்கும். அது கட்டி தட்டியிருந்தாலோ, விரலில் வண்டல் ஒட்டினாலோ சந்தேகம் வேண்டாம். செல்போன் டார்ச் அடித்து முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங், தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். கடற்கரை ஊர் என்பதால் அடிப்பாகத்தில் கொஞ்சம் துரு இருக்கலாம், அது வேறு. வண்டிக்குள்ளே, சீட்டுக்கு அடியில் துரு இருக்கக் காரணமே இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏசி நின்றால், ரேடியோ பாடாவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கார்களில் பொதுவாக இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில், தரையோடு ஒட்டித்தான் இருக்கும். இடுப்பளவு வேண்டாம், சீட் அளவுக்குத் தண்ணீர் ஏறினாலே அது நனைந்துவிடும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், விளக்கை யாரோ திட்டமிட்டு நிறுத்தி வைத்திருக்கலாம். நான்கு வயதுப் பிள்ளை ஏறப்போகும் வண்டி, இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

கண்ணால் பார்ப்பதோடு காகிதத்திலும் பாருங்கள். மாருதியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் வண்டி நம்பரைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றைக் கேட்கலாம். விற்பவர் கூட வந்தால் எளிது. ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கி.மீ. படிப்படியாக ஏறி வந்திருக்கிறதா, 2023 டிசம்பருக்கும் 2024 மார்ச்சுக்கும் நடுவில் பெரிய பில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை ஒழுங்காக வந்த வண்டி அந்த மாதத்தோடு சர்வீஸ் சென்டர் பக்கமே வரவில்லை என்றாலும் காரணம் கேட்க வேண்டும்.

அங்கேயே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். பெட்ரோல் எர்டிகா உட்பட சில மாடல்களை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் (எஞ்சினுக்கு உதவும் சிறிய மின் மோட்டார்) கோளாறுக்காக மாருதி இரண்டு தடவை திரும்ப அழைத்தது. 2019 டிசம்பரில் 63,493 வண்டிகள், 2021 செப்டம்பரில் 1,81,754 வண்டிகள். இரண்டாவது அழைப்பில் 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரானவை வருகின்றன, ஆக உங்கள் வண்டியின் வருடம் அதற்குள் அடங்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். முடியாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், அதைக் கம்பெனி இலவசமாகவே பார்த்துக் கொடுக்கும்.

எஞ்சினைப் பார்க்கக் காலை ஏழு மணிக்குப் போங்கள். நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போதுதான் அதன் குறை தெரியும். ஒரே திருப்பில் பிடிக்க வேண்டும், சைலன்சரில் நீலப்புகை வரக்கூடாது. காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றுவிட்டால் அது ஈரம்தான். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் கூலன்ட் கலக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். பானெட்டைத் திறந்தபடியே இரண்டு பக்கமும் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனியில் போல்ட்டை மாட்டிய பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள், அதனால் தலையில் பெயின்ட் உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் அந்தப் பக்கம் கழற்றி டிங்கரிங் பார்த்திருக்கிறார்கள். சின்ன உரசலுக்கு மட்கார்டு மாற்றியிருந்தால் அது பெரிய விஷயம் இல்லை. கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தால் பில்லரில் வரிசையாக ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகள் இல்லாமல் மொழுமொழுவென்று பூசியிருந்தால் வண்டி பலமாக அடிபட்டது, வேண்டாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு உங்கள் ஊரிலேயே நல்ல இடம் இருக்கிறது. சிறுமலைப் பாதை. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவையும் ஏற வேண்டாம், நான்கைந்து போதும். அதற்குச் சம்மதிக்காத கன்சல்டிங்காரரிடம் வாங்க வேண்டாம். வண்டியில் உங்கள் ஆறு பேரும் ஏறுங்கள், ஓட்டுவது நீங்களாக இருக்க வேண்டும். இதுவரை எல்லோரும் அவரவர் ஆசையைச் சொல்லியிருக்கிறார்கள், தினமும் கிளட்ச் மிதிக்கப்போவது நீங்கள்தான். ஆள் நிறைந்த வண்டி இரண்டாவது கியரில் மூச்சுத் திணறாமல் ஏறுகிறதா, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல் போகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கக் கூடாது. கீழே வந்து ஏசியோடு பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள், ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்று ஓட வேண்டும். மாமனாரை மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எர்டிகா 2019-ல் 3 நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையான பிறகு 2024-ல் செய்த சோதனையில் பெரியவர்களுக்கு 1, குழந்தைகளுக்கு 2 நட்சத்திரம்தான். இது எனக்குப் பிடிக்காத விஷயம். இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இருக்கிறது என்பது ஆறுதல், மலைப்பாதைக்கு அது வேண்டும். சின்னவருக்கு ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் குழந்தை இருக்கை வாங்கி நடு வரிசையில் பொருத்துங்கள், கடைசி வரிசைக்கு ஏறும் பக்கத்தை விட்டு மறுபக்கத்தில். கடைசி வரிசையில் உட்கார்பவர்களும் பெல்ட் போட வேண்டும். போடிதானே என்று விடாதீர்கள்.

இனி விலை. 7.90 கேட்கிறார்கள். எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் முதல் மூன்று மாதத்துக்கு 50,000 முதல் 60,000 ரூபாய் தனியாக வையுங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் பேட், பேட்டரி, டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று போய்விடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருட டயரோடு கொடைக்கானல் ஏற வேண்டாம், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். எல்லாச் சோதனையிலும் தேறினால் 7.25-ல் பேச்சைத் தொடங்கி 7.40-க்குள் முடியுங்கள்.

காகிதத்தில் முக்கியம், ஆர்சியில் இருக்கும் பெயரும் பணம் வாங்குபவரும் யார் என்பது. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் நிலுவை, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வரும். இ-சலான் பாக்கியும் பார்த்துவிடுங்கள். கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால் வங்கியின் என்ஓசியும் ஆர்சியில் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றாமல் விட்டால் உங்கள் வண்டி அடிபடும்போது நஷ்டஈடு மறுக்கப்படலாம். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) அவருக்குத்தான், உங்களுக்கு வராது. பிரீமியம் கூடும், இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எர்டிகா சோதனையில் தோற்றால் மனம் தளர வேண்டாம், எர்டிகா சந்தையில் நிறைய வரும். கணவரின் ஆசைக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஹோண்டா பிஆர்-வி பெட்ரோல், 2017 முதல் 2019 வரையிலான மாடல் கிடைத்தால் போய்ப் பாருங்கள். ஏழு சீட், எஸ்யூவி உயரம், சிட்டியில் வரும் அதே 1.5 லிட்டர் குடும்பத்து எஞ்சின். 2020-ல் விற்பனை நின்றுவிட்டதால் விலை உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். எர்டிகாவைவிட ஏற உயரம் என்பதால், அங்கேயும் முதலில் மாமனார் ஏறி இறங்கட்டும்.

சோதனைக்குப் போகும்போது உங்கள் ஆல்டோவைப் பார்க்கும் மெக்கானிக்கையே கூட்டிப் போங்கள், அரை நாள் கூலியைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் ஆள் வேண்டாம். சீட் பெல்ட்டும் சர்வீஸ் வரலாறும் பார்த்த பிறகு சந்தேகம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.